வெளியீட்டு மின்மாற்றி: வால்வு ஆம்ப்ளிஃபயரும் வீட்டு ஹை-ஃபை ஒலியும்

முதல் உலகப் போர்க்காலம் தொடங்கி 1960-களின் நடுப்பகுதி வரை, ஒலியை மின்வழியில் பெருக்குவதற்கு ஏறக்குறைய ஒரே நடைமுறைக் கருவியாக இருந்தது வால்வு எனப்படும் வெற்றிடக் குழாய். தொலைதூரத் தொலைபேசி, வானொலி, பேசும்படம், மின்வழி ஒலிப்பதிவு எல்லாம் அதை நம்பியே வளர்ந்தன. இந்த வரலாற்றை எழுதுவோர் இருட்டில் செம்மஞ்சளாக ஒளிரும் கண்ணாடிக் குழாயையே முன்னிறுத்துவது வழக்கம். ஆனால் நல்ல இசை வீடுகளுக்குள் வந்து சேர்ந்த கதையில், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருந்த வெளியீட்டு மின்மாற்றிக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு. 1947-க்குப் பிந்தைய முன்னேற்றங்களில் பெரும்பாலானவை அந்த இரும்பு, செம்புப் பெட்டியைச் சுற்றியே நடந்தன.

வால்வின் செயல்முறை எளிது. சூடேற்றிய எதிர்மின்வாயிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள், உயர் மின்னழுத்தத்தில் உள்ள நேர்மின்வாயை நோக்கி வெற்றிடத்தில் பாய்கின்றன. ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் 1904-ல் இங்கிலாந்தில் உருவாக்கிய டயோடு இவ்வளவுதான். அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் 1906-ன் இறுதியில் இரண்டு மின்வாய்களுக்கும் இடையே கிரிட் எனப்படும் மெல்லிய கம்பியைப் புகுத்தினார். கிரிட்டுக்குக் கொடுக்கும் சிறிய மின்னழுத்த மாற்றம், அதைக் கடந்து செல்லும் மின்னோட்டத்தைப் பெரிய அளவில் கூட்டிக் குறைத்தது. டி ஃபாரஸ்ட் இதற்கு ஆடியான் என்று பெயரிட்டார். அது ஏன் வேலை செய்கிறது என்பதை அவர் சரியாக விளங்கிக்கொண்டிருக்கவில்லை. குழாய்க்குள் மிச்சமிருக்கும் வாயு அதற்குத் தேவை என்றே நம்பினார். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி.&டி.யின் ஆய்வாளர் ஹெரால்டு ஆர்னால்டும், ஜெனரல் எலெக்ட்ரிக்கின் இர்விங் லாங்மியூரும் வாயுவை முடிந்தவரை வெளியேற்றி உயர்ந்த வெற்றிடத்தை உண்டாக்கிய பிறகே அது நம்பகமான கருவியாயிற்று. 1915 ஜனவரியில் நியூயார்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைத்த தொலைபேசித் தடம் இந்த வால்வுகளின் துணையால்தான் சாத்தியமானது.

அந்தத் தொலைபேசித் தடமே அடுத்த சிக்கலையும் காட்டிக்கொடுத்தது. எந்த வால்வும் உள்ளே வரும் அலையை அப்படியே பெரிதாக்கித் தருவதில்லை. அலையின் வடிவத்தைக் கொஞ்சம் வளைத்துவிடுகிறது. மூலத்தில் இல்லாத மேற்சுரங்கள் அதில் சேர்ந்துவிடுகின்றன. இதற்குத் திரிபு என்று பெயர். நூற்றுக்கணக்கான மைல் நீளத் தடத்தில் பல பெருக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது, ஒவ்வொன்றின் திரிபும் மற்றதோடு சேர்ந்துகொண்டே போகும். இதோடு ஆண்டுக்கணக்கில் போராடிய பெல் ஆய்வகப் பொறியாளர் ஹெரால்டு பிளாக், 1927 ஆகஸ்ட் 2 காலை வேலைக்குச் செல்லும் படகில் ஹட்சன் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தபோது தீர்வைக் கண்டார். கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பக்கத்திலேயே படத்தையும் சமன்பாட்டையும் எழுதிக் கையொப்பமிட்டார். வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே எதிர்க்கட்டத்தில் திருப்பி அனுப்பினால், பெருக்கி தன் பிழையைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதுதான் அந்தத் தீர்வு. பெருக்கத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால், திரிபும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிவிடும். பெருக்கம் மலிவாகக் கிடைத்தது, துல்லியம்தான் அரிதாக இருந்தது. எனவே இது லாபமான பண்டமாற்று. எதிர்ப் பின்னூட்டம் எனப்படும் இந்த முறைக்குக் காப்புரிமை கிடைக்க 1937 ஆகிவிட்டது. அதுவரை கிடைத்த பெருக்கத்தைக் கஷ்டப்பட்டுக் கூட்டிவந்த துறைக்கு, அதை வேண்டுமென்றே வீணாக்கும் யோசனை ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை.

வீடுகளில் நிலைமை வேறாக இருந்தது. 1925 வரை கிராமபோனின் ஒலியில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. ஊசியின் அதிர்வைக் கூம்புதான் உரக்கச் சொன்னது. அந்த ஆண்டில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் மின்வழி ஒலிப்பதிவு முறையை விக்டர், கொலம்பியா நிறுவனங்கள் ஏற்றன. அதே ஆண்டில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் செஸ்டர் ரைஸும் எட்வர்டு கெல்லாக்கும் இயங்குசுருள் ஸ்பீக்கரை விவரித்து ஆய்வுரை வெளியிட்டார்கள். காகிதக் கூம்பு, அதன் கழுத்தில் கம்பிச்சுருள், சுற்றிலும் காந்தப்புலம்: இன்றைய ஸ்பீக்கரின் அடிப்படை அமைப்பும் இதுவே. ரேடியோலா 104 என்ற பெயரில் கடைக்கு வந்தபோது அதன் பெட்டிக்குள் 1 வாட் ஆம்ப்ளிஃபயரும் இருந்தது. மற்ற வானொலிப் பெட்டிகளின் வெளியீட்டோடு ஒப்பிட்டால் அதுவே அன்று தாராளம்.

முப்பதுகளின் வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் இரண்டு வழிகளில் பிரிந்தன. கிரிட் ஒன்று மட்டும் உள்ள டிரையோடு குறைவாகத் திரித்தது, ஸ்பீக்கரையும் கட்டுக்குள் வைத்தது. ஆனால் மின்சக்தியை விழுங்கிவிட்டுக் கொஞ்சமாகவே திருப்பித் தந்தது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் திரையரங்குகளுக்காக உருவாக்கி இன்றுவரை போற்றப்படும் 300பி டிரையோடுகூடத் தனியாக நின்றால் சுமார் 8 வாட் தான் தரும். பிலிப்ஸில் பெர்னார்டு டெல்லெகென் 1926-ல் கண்டறிந்த பென்டோடிலும், ஆர்.சி.ஏ. 1936-ல் வெளியிட்ட 6எல்6 போன்ற டெட்ரோடுகளிலும் கூடுதல் கிரிட்கள் உண்டு. அவை குறைந்த செலவில் அதிக வாட் கொடுத்தன. விலையாகக் காதை உறுத்தும் மேற்சுரங்களைச் சேர்த்தன, ஸ்பீக்கர் கூம்பைத் தளர விட்டு அடித்தொனியைக் குழப்பின. மலிவான வானொலிகள் பென்டோடைத் தேர்ந்தன. தரம் வேண்டியோர் டிரையோடை விடவில்லை. லண்டனின் வயர்லெஸ் வேர்ல்டு இதழில் டபிள்யூ. டி. காக்கிங் 1934-ல் வெளியிட்ட தர ஆம்ப்ளிஃபயர், பிஎக்ஸ்4 டிரையோடுகள் இரண்டை எதிரெதிராக இயக்கியது. புஷ்-புல் எனப்படும் இந்த அமைப்பில் இரட்டைப்படை மேற்சுரங்கள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும்.

எந்த வால்வைத் தேர்ந்தாலும் மின்மாற்றி இல்லாமல் முடியாது. வால்வு சில நூறு வோல்ட் மின்னழுத்தத்தில் மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கையாள்கிறது. அதற்கு ஆயிரக்கணக்கான ஓம் சுமை வேண்டும். ஸ்பீக்கர் சுருளோ சில ஓம்தான், அதற்குத் தேவை குறைந்த வோல்ட்டில் நிறைய ஆம்பியர். 15 ஓம் ஸ்பீக்கரை வால்வுகளுக்கு 10,000 ஓம் சுமையாகக் காட்ட, இடையிலுள்ள மின்மாற்றியில் சுற்றுகளின் விகிதம் ஏறத்தாழ 26-க்கு 1 இருக்க வேண்டும். கணக்கு சுலபம், செய்வதுதான் கடினம். மிருதங்கத்தின் தொப்பி, டபுள் பாஸ் போன்றவற்றின் தாழ்ந்த ஒலி தேயாமல் வர, முதன்மைச் சுருளின் தூண்டல் மிக அதிகமாக இருக்க வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கான சுற்றுகளும் கனமான இரும்பு உள்ளகமும் தேவை. ஆனால் சுற்றுகளைக் கூட்டினால் ஒரு சுருளின் காந்தப்புலம் மற்றதைத் தொடாமல் கசிவதும், அடுக்குகளுக்கு இடையே மின்தேக்கமும் கூடும். வயலினின், ஜாலராவின் உயர்ந்த ஒலி மங்கிவிடும். ஒரு முனையைச் சரிசெய்தால் மறுமுனை கெடும் என்பதுதான் அந்தக் கால வானொலிப் பெட்டிகளின் மந்தமான ஒலிக்கு ஒரு பெரிய காரணம்.

அந்த மந்தமான ஒலியைத்தான் மக்கள் விரும்புகிறார்கள் என்று ஓர் ஆய்வே சொன்னது. சி.பி.எஸ். வானொலியைச் சேர்ந்த ஹோவர்டு சின், பிலிப் ஐசன்பெர்க் ஆகியோர் 1945-ல் வெளியிட்ட சோதனையில், கேட்டவர்களில் பெரும்பான்மையோர் விரிந்த அதிர்வெண் வீச்சைவிடக் குறுகிய வீச்சையே தேர்ந்தார்கள். இது உண்மையானால் நல்ல ஆம்ப்ளிஃபயருக்கு உழைப்பதே வீண். ஆர்.சி.ஏ. ஆய்வகத்தின் ஹாரி ஓல்சன் இதை வேறு விதமாகச் சோதித்தார். மின்சாரத்தையே ஒதுக்கிவிட்டு, ஒரு சிறிய இசைக்குழுவைத் திரைக்குப் பின்னால் நேரடியாக வாசிக்க வைத்தார். குழுவுக்கும் கேட்போருக்கும் நடுவே, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைத் தடுக்கும் ஒலிவடிகட்டித் தகடுகளைத் திறக்கவும் மூடவும் ஏற்பாடு செய்தார். 1947-ல் அவர் வெளியிட்ட முடிவு நேர் எதிராக இருந்தது: பெரும்பான்மையோர் தடையற்ற முழு வீச்சையே விரும்பினார்கள். மின்கருவிகளில் கேட்டபோது மக்கள் ஒதுக்கியது உயர்ந்த சுரங்களை அன்று, அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்த திரிபை என்பதே இதற்கு ஏற்கத்தக்க விளக்கம். ஹை-ஃபை வரலாற்றில் இதைவிடப் பயனுள்ள சோதனை நடந்ததில்லை என்று சொல்லலாம். வீச்சை விரிப்பதற்கு முன் திரிபைக் குறைக்க வேண்டும் என்ற வரிசை அதில் தெளிவாயிற்று.

திரிபைக் குறைக்கும் வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. லண்டனில் ஹெச். ஜே. லீக் நிறுவனம் 1945-லேயே 0.1 சதவீதத் திரிபு மட்டுமே உள்ள ஆம்ப்ளிஃபயரை அந்த எண்ணையே பெயராக்கி, பாயிண்ட் ஒன் என்று விற்றது. டெக்கா நிறுவனம், நீர்மூழ்கிக் கப்பல்களின் ஒலியை இனங்காணும் பயிற்சிக்காகப் போரின்போது ஆர்தர் ஹாடி உருவாக்கிய பதிவுமுறையை இசைத்தட்டுக்குக் கொண்டுவந்து, 14,000 ஹெர்ட்ஸ் வரை பதிவு செய்தது. கொலம்பியா 1948 ஜூனில் வெளியிட்ட எல்.பி. இசைத்தட்டு, அரக்குத் தட்டின் கரகரப்பை ஒழித்துப் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இசை தந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடிய அந்தத் தட்டில் இருந்ததை முழுதாக வெளிக்கொணரும் ஆம்ப்ளிஃபயர்தான் சாதாரண வீடுகளில் இல்லை.

அதைத் தந்தவர் எடின்பரோ இளைஞர் டி. டி. என். வில்லியம்சன். கேடி66 வால்வைத் தயாரித்த மார்க்கோனி-ஆஸ்ராம் நிறுவனத்தில் போர்க்காலத்தில் பணியாற்றியபோது அவர் வகுத்த வடிவமைப்பு, வயர்லெஸ் வேர்ல்டு இதழில் 1947 ஏப்ரல், மே மாதங்களில் வெளிவந்தது. அவர் வைத்துக்கொண்ட இலக்குகள் அக்காலத்துக்கு மிகக் கடுமையானவை: 10 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை சமமான பெருக்கம், 15 வாட் முழு வெளியீட்டிலும் 0.1 சதவீதத்துக்குக் குறைந்த திரிபு. டெட்ரோடான கேடி66 இரண்டை டிரையோடு முறையில் இணைத்துப் புஷ்-புல்லில் இயக்கினார். அதற்கு முன்னால் சிறிய டிரையோடுகள் மூன்று நிலைகளாக நின்றன. இவ்வளவும் அன்றைய பொறியாளர் எவருக்கும் தெரிந்த சங்கதிதான். புதுமை என்னவென்றால், ஸ்பீக்கர் இணையும் முனையிலிருந்தே, அதாவது வெளியீட்டு மின்மாற்றியையும் வளையத்துக்குள் சேர்த்துக்கொண்டு, முதல் வால்வு வரை 20 டெசிபெல் எதிர்ப் பின்னூட்டத்தை அவர் நிலையாகக் கொடுத்துக் காட்டினார். மின்மாற்றியின் குறைகளையும் பின்னூட்டமே திருத்திக்கொள்ளும்.

இதில் ஆபத்து உண்டு. கேள்விப்புலனின் இரு எல்லைகளுக்கும் அப்பால் ஒவ்வொரு நிலையும் அலையின் கட்டத்தைச் சற்றே நகர்த்தும். மின்மாற்றி மிக அதிகமாக நகர்த்தும். மொத்த நகர்வு 180 பாகையை எட்டும் இடத்தில் இன்னும் பெருக்கம் மிச்சமிருந்தால், எதிர்ப் பின்னூட்டம் நேர்ப் பின்னூட்டமாக மாறி ஆம்ப்ளிஃபயர் தானாகவே ஊளையிடத் தொடங்கும். இதைத் தடுக்க, காதுக்குக் கேட்கும் எல்லைக்கு வெகுதூரம் அப்பாலும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மின்மாற்றி வேண்டும். வில்லியம்சன் அதற்கு எண்களையே விதித்தார்: முதன்மைச் சுருளின் தூண்டல் 100 ஹென்றிக்குக் குறையக்கூடாது, கசிவுத் தூண்டல் 30 மில்லிஹென்றிக்கு மிகக்கூடாது. எப்படிச் சுற்ற வேண்டும் என்பதையும் கட்டுரையிலேயே சொன்னார். இரண்டு சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொன்றிலும் 440 சுற்றுக் கொண்ட ஐந்து முதன்மைப் பகுதிகள், அவற்றின் இடைவெளிகளில் நான்கு துணைப் பகுதிகள். முதன்மையில் மொத்தம் 4,400 சுற்று. முதன்மையையும் துணையையும் இப்படி மாற்றி மாற்றி அடுக்கினால் இரண்டின் காந்தப்புலமும் நெருங்கிப் பிணைந்து கசிவு குறையும். ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே காப்புத்தாள் வைத்துச் சீராகச் சுற்றுவது நாட்கணக்கில் பொறுமை கேட்கும் வேலை. லண்டனின் பார்ட்ரிட்ஜ் நிறுவனம் இந்த மின்மாற்றியைத் தயாராகச் சுற்றி விற்றது.

வில்லியம்சன் வடிவமைப்பை எவரும் கட்டிக்கொள்ளலாம் என்பதே அதன் பரவலுக்குக் காரணம். இதழை வாங்கியவர்கள் போர் முடிந்து கழித்துக் கட்டப்பட்ட உதிரிப்பாகங்களைத் தேடிச் சேகரித்துத் தாங்களே சால்டர் செய்தார்கள். அமெரிக்காவில் டாஸ்கனினி நடத்திய என்.பி.சி. சிம்பொனியின் வயலின் கலைஞர் டேவிட் சார்சர், பொறியாளர் மெல்வின் ஸ்பிரிங்கிலுடன் சேர்ந்து, அங்கே எளிதில் கிடைத்த 807 வால்வுகளுக்கு ஏற்ப இதை மாற்றி 1949 நவம்பரில் ஆடியோ என்ஜினியரிங் இதழில் வெளியிட்டார். ஹீத்கிட் நிறுவனம் இதையே பெட்டியில் அடைத்துத் தொகுதியாக விற்றது. மின்மாற்றியில் காசை மிச்சம் பிடித்த நகல்களும் ஏராளம் வந்தன. அவை மேசைமேல் அளக்கும்போது சரியாக இருந்தன; உண்மையான ஸ்பீக்கரை இணைத்ததும் தாழ்ந்த அதிர்வெண்ணில் டுப்-டுப் என்று தானே அதிர்ந்தன. பழி வடிவமைப்பின்மேல் விழுந்தது. வில்லியம்சன் விதித்த இரண்டு எண்களைப் புறக்கணித்தவர்களே அதற்குப் பொறுப்பு என்பதுதான் நியாயம்.

அடுத்த பத்தாண்டின் புகழ்பெற்ற ஆம்ப்ளிஃபயர்கள் ஒவ்வொன்றும் மின்மாற்றிச் சிக்கலுக்கு ஒரு விடை. ஃபிராங்க் மெக்கின்டாஷும் கோர்டன் காவும் 1949-ல் அமெரிக்காவில் 50 வாட் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தார்கள். சிக்கனமான புஷ்-புல் முறையில் ஒரு வால்வு ஓய்ந்து மற்றது பொறுப்பேற்கும் கணத்தில், முதன்மைச் சுருளின் இரு பாதிகளுக்கும் இடையிலான கசிவு அலையில் ஒரு வெட்டை உண்டாக்கும். இரண்டு கம்பிகளையும் ஒட்டவைத்து ஒன்றாகவே சுற்றி அவர்கள் அந்த வெட்டை நீக்கினார்கள். டேவிட் ஹாஃப்லரும் ஹெர்பர்ட் கெரோஸும் 1951-ல் அல்ட்ரா-லீனியர் முறையை அறிமுகம் செய்தார்கள். முதன்மைச் சுருளின் 43 சதவீதச் சுற்றில் ஓர் இணைப்பு எடுத்து அதை வால்வின் இரண்டாம் கிரிட்டுக்குக் கொடுத்தால், டிரையோடின் இனிமையும் பென்டோடின் வலுவும் கிட்டத்தட்டச் சேர்ந்தே கிடைத்தன. இதே எண்ணத்துக்கு இங்கிலாந்தின் ஆலன் பிளம்லைன் 1937-லேயே காப்புரிமை கோரியிருந்தார். 1931-ல் ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை கோரியவரும் அவரே. 1942-ல் ராடார் சோதனை விமான விபத்தில் இறந்துபோனார். ஹன்டிங்டனில் பீட்டர் வாக்கர் 1953-ல் வெளியிட்ட க்வாட் II வேறொரு வழியில் சென்றது. மின்மாற்றியின் ஒரு பகுதிச் சுருளை வால்வுகளின் எதிர்மின்வாயில் இணைத்து, பின்னூட்டத்தை வெளியீட்டு நிலையிலேயே தொடங்கிவிட்டார். நிலைகள் குறைந்தன, கட்ட நகர்வும் குறைந்தது. ஒரு ஜோடி கேடி66, 15 வாட், உள்ளங்கை அகலத்துக்குச் சற்றே பெரிய சாம்பல் நிறப் பெட்டி: பொறியியல் சிக்கனத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அந்தத் தலைமுறையில் இல்லை.

இந்தக் கருவிகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்பதை வாக்கரும், வார்ஃப்டேல் ஸ்பீக்கர் நிறுவனத்தின் கில்பர்ட் பிரிக்ஸும் மக்கள் முன்பே சோதித்துக் காட்டினார்கள். 1954 நவம்பரில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், சுமார் 3,000 பேர் அமரும் அரங்கத்தில், கலைஞர்களின் நேரடி இசையும் அதன் ஒலிப்பதிவும் அடுத்தடுத்து ஒலித்தன. அடுத்த ஆண்டு நியூயார்க் கார்னகி ஹாலிலும் இதை நடத்தினார்கள். வீட்டுக்கூடத்துக்கு என்று செய்த கருவிகள் அவ்வளவு பெரிய அரங்கை நிறைத்ததே வந்தவர்களுக்குப் போதுமான சான்றாக இருந்தது.

விலையைக் குறைத்தது தொகுதி வியாபாரமும் சிறிய வால்வுகளும். முல்லார்டு நிறுவனம் தன் வால்வுகளை விற்பதற்காக வெளியிட்ட 5-10 என்னும் வடிவமைப்பின் பெயரே அதன் விவரம்: ஐந்து வால்வு, பத்து வாட். அதன் வெளியீட்டு வால்வான இஎல்84, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திலும் தயாராயிற்று. நம் ஊர் வால்வு ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கரை இயக்கியது இந்தச் சிறிய குழாய்தான். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1954-ல் உருவாக்கிய காற்றுப்புகாப் பெட்டி ஸ்பீக்கர், சிறிய உருவத்தில் ஆழ்ந்த அடித்தொனியைத் தந்தது. ஆனால் மின்சக்தியை அதிகம் கேட்டது. ஸ்பீக்கர் சுருங்கச் சுருங்க ஆம்ப்ளிஃபயர் பெருத்தது. 1958-ல் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்ததும் எல்லாமே இரண்டாகத் தேவைப்பட்டன. அதற்கு ஹாஃப்லரின் டைனாகோ நிறுவனம் 1959-ல் அளித்த விடை ஸ்டீரியோ 70: நான்கு இஎல்34 வால்வுகள், பக்கத்துக்கு 35 வாட், பாகங்கள் பொருத்தித் தயாராக வந்த அச்சுச்சுற்றுப் பலகை. வில்லியம்சனின் நான்கு நிலைகளை அவர் மூன்றாகக் குறைத்து மின்மாற்றியில் செலவைக் கூட்டினார். புதியவர்கள் கட்டினாலும் நிலையாக ஓடியது அதனால்தான்.

டிரான்சிஸ்டர் இந்த இரும்பு முழுவதையும் தேவையற்றதாக்கியது. குறைந்த மின்னழுத்தத்தில் நிறைய மின்னோட்டம் தருவது அதன் இயல்பு என்பதால் ஸ்பீக்கரை நேராகவே இயக்க முடிந்தது. லீக் 1963-ல் ஸ்டீரியோ 30-ஐயும், க்வாட் 1967-ல் 303-ஐயும் வெளியிட்டன. ஆனால் அறுபதுகளின் முதல் டிரான்சிஸ்டர் கருவிகள் பல, அளவீட்டில் வென்றும் காதில் தோற்றன. வால்வின் திரிபு ஒலி உரக்க உரக்கக் கூடும். டிரான்சிஸ்டர் கருவிகளில், ஒன்று ஓய்ந்து மற்றது பொறுப்பேற்கும் கணத்தில் எழும் குறுக்குத் திரிபோ மென்மையான இடங்களில்தான் அதிகம் தெரியும், அதுவும் உயர்வரிசை மேற்சுரங்களாக. பி.பி.சி.யின் டி. இ. எல். ஷார்ட்டர் 1950-லேயே, உயர்வரிசை மேற்சுரங்களுக்குக் கூடுதல் எடை கொடுத்துத் திரிபை அளக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். விளம்பரங்களில் ஒற்றைச் சதவீத எண்ணை மட்டும் பார்த்துப் பழகிய சந்தை அதைக் கண்டுகொள்ளவில்லை. வால்வுக்கு மாயம் எதுவும் இல்லை. நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் இன்று எந்த வால்வுக் கருவியையும்விடக் குறைவாகவே திரிக்கும். ஆயினும் முதல் தலைமுறையைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் தவறாகக் கேட்கவில்லை.

இஎல்34, இஎல்84, கேடி66 ஆகியவை இன்றும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் தயாராகின்றன. கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களே அவற்றின் பெரிய சந்தை. அறுபது, எழுபது ஆண்டு வயதான க்வாட் II அல்லது ஸ்டீரியோ 70 ஒன்றை வாங்க நினைப்பவர் வால்வுகளின் ஒளியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியதில்லை. வால்வு, மின்தேக்கி, மின்தடை எல்லாம் கடையில் கிடைக்கும். முதலில் சோதிக்க வேண்டியது வெளியீட்டு மின்மாற்றிச் சுருள்கள் அறுபடாமல் இருக்கின்றனவா என்பதைத்தான்.